மெத்தைக்கு வந்த எண்பத்து நான்கு பதில்கள்

அத்தியாயம் 9

அன்று காலை நானும் என் கணவரும் மெத்தையைத் திருப்பிப் போட்டோம்.

அவர் ஒரு முனையைப் பிடித்தார், நான் ஒரு முனையை. பஞ்சு மெத்தை, பன்னிரண்டு வருடம் எங்கள் இரண்டு பேரையும் தாங்கி நடுவில் குழி விழுந்திருந்தது. தூக்கி நிறுத்தியபோது அதன் ஒரு மூலை சுவரில் இருந்த கண்ணாடியில் இடித்தது.

"இதைச் சொன்ன உன் தோழிங்க வந்து ஆளுக்கு ஒரு கை பிடிச்சா என்ன? எல்லாரும் ஃபோன்ல எழுதுறதோட சரி" என்றார்.

போட்டு முடித்ததும் காலுறையோடு படுத்துப் பார்த்தார். இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"பரவால்ல. இந்தப் பக்கம் சுகமாத்தான் இருக்கு. அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லிடு."

எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். பாதிப் படியில் நின்றார். சாவியைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் குளிக்கப் போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் போன இரண்டு வாரங்களாகப் படித்திருப்பீர்கள். டிரைவிங் ஸ்கூல் காரில், சொல்லிக்கொடுப்பவருக்கான இரண்டாவது பிரேக் உள்ள இருக்கையில், பதினொன்று பத்துக்கு அவர் உயிர் பிரிந்தது. பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அது நான்காவது வகுப்புதான். அவர் சொல்லிக்கொடுத்தபடியே இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, அப்புறம்தான் அழ ஆரம்பித்தாளாம்.

இது பன்னிரண்டாம் நாளின் கதை.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் கிளம்பிப் போயிருந்தார்கள். மாடியில் நானும் என் மகளும். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தாலும் எங்களுக்கு அவள் குட்டிதான். கீழ் வீட்டில் என் கொழுந்தனும் அவன் மனைவியும்.

அந்த ஓரகத்தியோடு எனக்குப் பேச்சு இல்லை என்று முன்பே சொல்லியிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மழை நாளில், என் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பொதுக் கொடியிலிருந்து அவளுடைய வெள்ளை யூனிஃபார்ம்களை எடுத்து, குட்டியின் சாயம் போகும் சிவப்புத் துணியோடு சேர்த்து வைத்துவிட்டேன். நல்லெண்ணம்தான். எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டன.

"படிச்சவங்களுக்கு வெள்ளைக்கும் கலருக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்றாள் அவள்.

"நோயாளி மூத்திரம் அள்ளுற கைக்கு எந்தக் கலரா இருந்தா என்ன?" என்றேன் நான்.

அவள் நர்ஸ். பதினைந்து வருடமாக இதய நோய் வார்டில் வேலை. நான் சொன்னதற்கு அவள் பதில் பேசவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு அதோடு நின்றதுதான்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்தரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஒருவர், தோளில் உருளை மாதிரி ஏதோ ஒன்று. பிளாஸ்டிக் சுற்றியிருந்தது.

"மெத்தை வந்திருக்குக்கா. மாடிதானே?"

எனக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. அவர் போவதற்கு முதல் நாள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் நான்தான் ஆர்டர் செய்திருந்தேன். திருப்பிப் போட்டும் சரிவராவிட்டால் இதுதான் வழி என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள்.

"வேணாங்க. திரும்ப எடுத்துட்டுப் போயிடுங்க."

"அதுக்கு நீங்க ஃபோன்ல போட்டு, அவங்க ஓகே சொல்லணும். நான் இறக்கத்தான் வந்திருக்கேன்." படியை நிமிர்ந்து பார்த்தார். "திருப்பம் கொஞ்சம் குறுகல். சார் இல்லையா? ஒரு கை பிடிச்சார்னா ஏத்திடலாம்."

"சார் இல்லை" என்றேன். பொய் இல்லையே.

அவர் தனியாகவே முக்கி முனகி ஏற்றினார். படி திரும்பும் இடத்தில் அது சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"இங்கேயே இருக்கட்டும்கா. சார் வந்ததும் ரெண்டு பேருமா இழுத்துக்கோங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கவரைக் கிழிச்சா மூச்சு இழுத்து உப்பிடும். அப்புறம் எத்தனை பேர் ஏறி உக்காந்தாலும் பழையபடி சுருட்ட முடியாது. ரிட்டர்னும் கிடையாது."

கீழ் வீட்டுக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த நாட்களில் அவள் அந்த நேரத்துக்குத் தூங்க வேண்டும். தூங்கவில்லை.

சத்தம் கேட்டுக் குட்டி வந்தாள். படியில் கிடந்ததைப் பார்த்தாள்.

"யாரும்மா மெத்தை வாங்கினது?"

"நான்தான். அப்பாவுக்கு."

"அப்பாவுக்கு எதுக்குப் புது மெத்தை?"

"கேன்சல் பண்ணணும் குட்டி. எனக்கு எப்படின்னு தெரியல."

"ஃபோனைக் கொடு."

கொடுத்தேன். அதைக் கொடுத்திருக்கக் கூடாது என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

'வீட்டுக்கு வீடு' என்று பெண்களுக்கான ஒரு குழு இருக்கிறது. நாற்பதாயிரம் பேர். அடிபிடித்த பாத்திரம், சர்க்கரை டப்பாவில் எறும்பு, காலர் அழுக்கு, கதவு இறுகிக்கொள்வது என்று எதைக் கேட்டாலும் பத்து நிமிடத்தில் யாராவது பதில் எழுதுவார்கள். எல்லோருக்கும் எல்லோரும் தோழி. முகம் தெரியாது, ஊர் தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது. முகம் தெரியாதவர்களிடம் கடன்பட்ட மாதிரி இருக்காது.

அவர் போவதற்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை, நான் அதில் எழுதியது இதுதான்: "தோழிகளே, என் கணவருக்கு ஒரு வாரமாக இடது தோளும் தாடையும் வலிக்கிறது. காலையில் எழும்போது அதிகம். மெத்தை பழசு, குழி விழுந்துவிட்டது. படம் போட்டிருக்கிறேன். எந்த மெத்தை நல்லது?"

எண்பத்து நான்கு பதில்கள் வந்தன. தேங்காய் நார் என்றார் ஒருவர். நார் முதுகைக் குத்தும், ரப்பர்தான் என்றார் இன்னொருவர். தரையில் படுக்கச் சொல்லுங்கள், ஆண்களுக்குச் சொகுசு கூடாது என்று ஒருவர் எழுதினார். தலையணையை மாற்றிப் பாருங்கள், கட்டிலை மாற்றிப் பாருங்கள், கணவரை மாற்றிப் பாருங்கள் என்று கூட ஒருத்தி எழுதியிருந்தாள். அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார்.

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டைவிரல் போட்டுவிடுவது என் வழக்கம். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது போல. நமக்காக நேரம் ஒதுக்கி எழுதியிருக்கிறார்களே.

குட்டி கூடத்துக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். ஃபோன் அவள் மடியில், அதில் அந்தக் குழு திறந்திருந்தது.

"அப்பாவுக்குத் தோள் வலி இருந்ததா?"

"கொஞ்சம்."

"தாடையும்?"

தலையாட்டினேன்.

"என்கிட்ட சொல்லல. டாக்டர்கிட்ட சொல்லல. கீழ சித்தி இருக்காங்க, அவங்ககிட்ட சொல்லல. நாப்பதாயிரம் பேர்கிட்ட சொல்லியிருக்கம்மா நீ."

"மெத்தையாலன்னு நினைச்சேன் குட்டி. அப்பாவும் அப்படித்தான் சொன்னார்."

"அப்பா எதைத்தான் ஒத்துக்கிட்டார்? காய்ச்சல் அடிச்சா வெயில்னு சொல்வார்." குனிந்து படித்தாள். குரல் மாறியது. "இது என்ன? நாப்பத்தி ஒண்ணாவது."

"எது?"

அவள் சத்தமாகப் படித்தாள். "தோழி, வலி படி ஏறும்போது கூடுகிறதா? வியர்க்கிறதா? மெத்தையை விடுங்கள். இன்றே இதய மருத்துவரிடம் காட்டுங்கள். தள்ளிப் போடாதீர்கள்."

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை காலைல வந்திருக்கு. கீழ உன் விரல் இருக்கும்மா."

"எல்லாருக்கும் போடுவேன் குட்டி. வரிசையாப் போட்டுக்கிட்டே போவேன்."

"படிக்காமலா? நீயா? கடை பில்லுல தப்பு இருந்தாலும் பேனா எடுத்துத் திருத்திட்டுதான் பையில வைப்ப."

அவள் சொன்னது சரிதான். நான் ஒரு பாடநூல் அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கிறேன். ஓர் எழுத்தையும் தாண்டாமல் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"ஞாபகம் இல்ல" என்றேன்.

குட்டி ஃபோனை என் பக்கத்தில் வைத்தாள். எறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாக வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அந்த ஞாயிற்றுக்கிழமையை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தேன். காலையில் காய் வாங்கப் பேருந்தில் போனேன். இடம் கிடைத்தது. ஃபோனைத் திறந்தேன். விரல் மேலிருந்து கீழே போனது. நார், ரப்பர், நார், தலையணை. நடுவில் அந்த நான்கு வரிகளும் என் கண் வழியாகப் போயினவா? போய், பிடிக்காததைத் தள்ளிவிடுவது போல் நான்தான் தள்ளிவிட்டேனா? எவ்வளவு யோசித்தாலும் பேருந்தின் ஜன்னல் கம்பிதான் ஞாபகம் வருகிறது.

பழக்க தோஷத்தில் குழுவைத் திறந்து, "தோழிகளே, ஒன்றைப் படித்தேனா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்ததும் பயமாக இருந்தது. அழித்தேன்.

பிறகு அந்த நாற்பத்தோராவது பதிலுக்குப் போனேன். எழுதியவரின் பெயர் 'சும்மா ஒருத்தி'. படத்தில் ஒரு நாற்காலி மட்டும். அதன் கீழே எழுதினேன்:

"அவர் செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். நீங்கள் எழுதியதை நான் படித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்."

யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன பிறகு ஒன்றும் குறையவில்லை.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

"தெரியும்."

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எப்படித் தெரியும்?" என்று எழுதினேன்.

பதில் வரவில்லை. கீழ் வீட்டுத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் வந்தது. படியில் காலடி. திருப்பத்தில் பிளாஸ்டிக் நொறுநொறுவென்றது. யாரோ சுவரோடு ஒண்டி, மெத்தையைத் தாண்டி வருகிறார்கள்.

கதவு திறந்துதான் கிடந்தது. என் ஓரகத்தி நிலைப்படிக்கு வெளியே நின்றாள். கையில் ஃபோன். தூங்காத கண்.

"அது நான்தான்கா" என்றாள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. அவளாகவே வந்து, குட்டி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தான் கேட்டேன்னு உனக்கு எப்படி..."

"படம் போட்டிருந்தீங்கள்ல. மெத்தைக்குப் பின்னாடி ஜன்னல். ஜன்னலுக்கு வெளிய கொடில என் யூனிஃபார்ம் காயுது." ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முதல்ல அதைத்தான் பாத்தேன். அப்புறம்தான் கேள்வியைப் படிச்சேன். இடது தோள், தாடைன்னு இருந்தது. எங்க வார்டுக்கு வர்றவங்க சொல்ற வலி அது."

"மேல வந்து சொல்லியிருக்கலாமே."

கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று.

"ரெண்டு தடவை படி வரைக்கும் வந்தேன். அந்தக் கை வந்து இப்ப வைத்தியம் சொல்லுதான்னு கேப்பீங்களோன்னு இருந்தது." நிறுத்தினாள். "வேற பேர்ல எழுதினா கேப்பீங்கன்னு தோணிச்சு. தெரியாதவங்க சொன்னா கேப்பீங்கன்னு."

"நான்..."

"எழுதி அரை மணி நேரத்துல நீங்க லைக் போட்டீங்க. அப்பாடான்னு இருந்ததுக்கா. படிச்சிட்டாங்க, இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி டியூட்டில கூட நிம்மதியா இருந்தேன்."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. என்ன துடைத்தேன் என்று தெரியவில்லை.

"திங்கக்கிழமை மாமா படி ஏறுறது கேட்டுச்சு" என்றாள். "பாதில நின்னு, மூச்சு வாங்கி, அப்புறம் ஏறினார். கதவுக்குப் பின்னாடிதான் நான் நின்னுக்கிட்டிருந்தேன். கூட்டிட்டுப் போய் மருந்து கொடுத்திருப்பாங்க, அதான் மெதுவா ஏறுறார்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். கதவைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நான் அன்னிக்குச் சொன்னதாலதானே திறக்கல?"

"அதனால இல்லக்கா." தரையைப் பார்த்தாள். "அதனாலயும்தான்."

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமையே கூட்டிட்டுப் போயிருந்தா இருந்திருப்பாரா?"

அவள் கை ஃபோனைத் திருப்புவதை நிறுத்தியது.

"வார்டுல தினம் யாராவது ஒருத்தர் இதைக் கேப்பாங்க. ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதும்மா, மனசைத் தேத்திக்கோங்கன்னு சொல்லி அனுப்புவோம்."

"எனக்கும் அதையே சொல்லேன்."

"உங்களுக்குச் சொல்ல வாய் வரலக்கா."

பதினைந்து வருடம் அனுபவமுள்ள நர்ஸ். அவளுக்கு வாய் வரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அவள் ஃபோனில் அந்தப் பதிலைப் பார்த்தேன். தோழி என்று ஆரம்பித்திருந்தாள். என்னை அவள் தோழி என்று கூப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"அவர்கிட்ட சொல்லாதீங்க" என்றாள், தன் கணவனைக் குறித்து. "அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல என் தோளைப் பிடிச்சு உலுக்கிக் கேட்டார். நீ நர்ஸாச்சே, அண்ணன்கிட்ட ஒண்ணும் கவனிக்கலையான்னு. எனக்கு எப்படித் தெரியும்னு சொல்லிட்டேன். அவருக்கு அண்ணன்னா உசுரு. தெரிஞ்சும் ஃபோன்ல எழுதிட்டுச் சும்மா இருந்தேன்னு தெரிஞ்சா, என்னை அந்த வீட்டுல வெச்சிருப்பாரான்னு தெரியல."

"சொல்ல மாட்டேன்."

"நான் சொல்வேன்" என்றது ஒரு குரல்.

குட்டி அறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

"ஒரே வீடு" என்றாள். "பதினாறு படி. நீ ஃபோன்ல கேப்ப, இவங்க ஃபோன்ல சொல்வாங்க. நடுவுல எங்கப்பா மெத்தையைத் தூக்கிக்கிட்டு நின்னாரா?"

"குட்டி, இதுல அம்மா மேல தப்பில்ல. நான் நேர்ல..." என்று எழுந்தாள் என் ஓரகத்தி.

"உங்களைத் திட்டல சித்தி. உங்களைத் திட்டணும்னா அம்மாவையும் திட்டணும். அம்மாவை நான் திட்ட முடியாது. எனக்கு இருக்கிறது ஒரு ஆளுதான்."

தெருவில் மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது. என் ஓரகத்தி விறுவிறுவென்று இறங்கினாள். பிளாஸ்டிக் மறுபடி நொறுநொறுவென்றது. கீழே கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் கொழுந்தன் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மாடி ஏறினான். லேத் பட்டறையிலிருந்து பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அண்ணனின் பொருட்களை வாங்கி வர டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருந்தான். கையில் அவருடைய கறுப்புப் பை.

திருப்பத்தில் நின்றான்.

"என்ன அண்ணி இது, வழில?"

"மெத்தை" என்றேன்.

ஏன், எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்பதற்கு அவனிடம் வேறொன்று இருந்தது. அந்த மெத்தைக்கு அந்தப் பக்கமே நின்று, பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டான்.

"அன்னிக்குக் கார் ஓட்டின பொண்ணு ஸ்கூலுக்கு வந்திருந்தது அண்ணி. அது ஒண்ணு சொல்லுது. முதல் கிளாஸ்ல இருந்தே சார் தோளைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தார்னு சொல்லுது. வலிக்குதா சார்னு கேட்டதுக்கு, வீட்டுல பாத்துக்கிட்டிருக்காங்கன்னு சொன்னாராம்." என்னை நிமிர்ந்து பார்த்தான். "யார் பாத்துக்கிட்டிருந்தது அண்ணி? உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

அவனுக்குப் பின்னால், கீழ் வீட்டுக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. எனக்குப் பின்னால் குட்டி என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வா, தண்ணி கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனேன்.

ஃபோன் கையோடு வந்திருந்தது. என்ன சொல்லட்டும் என்று என் ஓரகத்தியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவள் எண்ணைத் தேடினேன். பதினெட்டு வருடமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். அவள் எண் என்னிடம் இல்லை. அவளுக்கு எதையாவது எழுத வேண்டுமானால் அந்த நாற்பத்தோராவது பதிலுக்குக் கீழேதான், நாற்பதாயிரம் பேர் பார்க்க, எழுத வேண்டும்.

டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். அவனிடம் என்ன சொன்னேன் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அவள் எண் இன்றும் என்னிடம் இல்லை.